நான்காம் வாரம்

மூன்று வாரம் ஏற்று, நான்காம் வாரம் இறக்கு.
பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வரைபடம்,
படிபோல ஏறி ஏறி
சட்டென்று ஒரு படி கீழே.
உடம்பு வளர்வது தூக்கும்போது இல்லை,
இறக்கி வைத்த பிறகு.
அந்த வரிக்கு அடியில்
பச்சை மையில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.

நான் என்ன படிக்கிறேன் என்று
வீட்டில் யாருக்கும் சொல்ல வராது.
"டிரில் டீச்சருக்கு" என்பாள் அம்மா.
ஜாதகம் கேட்டு வந்த தரகர்
"ஜிம்முக்கா?" என்றார்,
அதன்பின் மிக்சரைத் தொடவில்லை.

காந்தி மைதானத்தில்
மும்முறைத் தாண்டலின் இரண்டாவதில்
இடது முட்டி போயிற்று.
மூன்றாவது தாண்டல் அங்கேயே பாக்கி நிற்கிறது.
அதை வேறு யார் காலிலாவது
வசூலிக்க வந்த படிப்பு இது.

அம்மாப்பேட்டையில் தறிச்சத்தம் ஓயாத சந்து.
பாதி தூக்கிய ஷட்டருக்குள்
இருபது கிலோ தட்டுகளை அடுக்கிவிட்டுக் காத்திருப்பேன்.
நாகலூரிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள் வெண்ணிலா.
எண்ணூறு மீட்டர்.
கடைசி நூற்றைம்பதில்
முன்னால் ஓடுகிறவளைத்
தனக்குக் கடன்பட்டவள் மாதிரி துரத்துவாள்.

சுவரில் அவள் எட்டித் தொடும் உயரத்தை
வெள்ளைக்கல்லால் கோடு கிழிப்பேன்.
சுரங்கத்துப் பக்கம் பொறுக்கிய துண்டு,
சாக்பீஸுக்குக் காசு கிடையாது.
முதல் வாரம் ஒரு கோடு.
இரண்டாம் வாரம் அதற்கு இரண்டு விரல் மேலே.
மூன்றாம் வாரம் அதே இடம்.
சரி, களைப்பு, புத்தகம் சொன்னதுதான்.

ஒவ்வொரு செட் முடிந்ததும் கேட்க வேண்டும்:
ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு கஷ்டம்?
"ஆறுக்கா."
ஸ்குவாட்டுக்கும் ஆறு, டெட்லிஃப்ட்டுக்கும் ஆறு,
மேட்டில் எட்டு முறை ஓடி
வேலியோரம் வாந்தி எடுத்துவிட்டு வந்தும்
வாயைத் துடைத்துக்கொண்டே, ஆறு.

நான்காம் வாரம் எடையைப் பாதியாக்கினேன்.
ஓட்டத்தைக் குறைத்தேன்.
வெள்ளிக்கிழமை அவள் எம்பித் தொட்டது
முதல் வாரக் கோட்டுக்கும் கீழே.

தூங்கினாயா, சாப்பிட்டாயா,
மாதவிலக்கா, காய்ச்சலா?
எல்லாவற்றுக்கும் பதில் நோட்டில் சரியாக இருந்தது.
கடைசியில் அவள் தோளைப் பார்த்தேன்.
கயிறு இழுத்த சிவப்பு.

"காப்பிப் பழம் எடுக்குறாங்கக்கா எஸ்டேட்ல.
சாயங்காலம் மூட்டை மேல ஏத்தணும்.
நீங்கதான் இந்த வாரம் லேசுன்னு சொன்னீங்களே,
அதான் ரெண்டு நடை சேர்த்துப் போனேன்."

அதற்கு எவ்வளவு, ஒன்றிலிருந்து பத்துக்குள்?

"அதுவா? அது வேலைக்கா.
அதுக்கு நம்பர் இல்ல."

அன்றிரவு கணக்குப் போட்டேன்.
மூட்டை முப்பத்தைந்து, நடை ஏழு,
சரிவு எவ்வளவு என்று தெரியவில்லை,
குறைத்தே வைத்துக்கொண்டேன்.
மூன்று வாரம் நான் ஏற்றியதெல்லாம்
அந்தக் கூட்டலின் ஓரத்தில்
சில்லறைபோலக் கிடந்தது.
ஆறு என்று அவள் சொன்னது எதை வைத்து என்றும்
அப்போதுதான் புரிந்தது.
நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டேன்.
அதற்குத் தலைப்பு தேடிப்
பாடப்புத்தகத்தின் பின்பக்க அகராதி முழுக்கப் புரட்டினேன்.
பிறகு அவள் சொன்னதையே எழுதினேன்: வேலை.

ஞாயிற்றுக்கிழமை அவளோடு பஸ் ஏறினேன்,
அந்தச் சரிவை என் காலால் அளக்க.
மூட்டையை நிறுத்தச் சொல்ல நான் யார்?
அதன் கூலி எவ்வளவென்றும் கேட்டுவைத்திருந்தேன்.
என்னால் குறைக்க முடிந்தது என் தட்டுகளை மட்டும்.
தேர்வுக்கு இன்னும் பதினெட்டு நாள்.
அவளுக்கும், எனக்கும்.

கோரிமேடு தாண்டியதும் தூங்கிவிட்டாள்.
முதல் வளைவில் தலை ஜன்னலில் இடித்தது,
விழிக்கவில்லை.
இரண்டாவதில் என் தோளில் சாய்ந்தது.
இருபது வளைவுக்கும்
இடது முட்டியை முன்சீட்டில் முட்டுக்கொடுத்து
அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஏற்காட்டில் இறங்குமுன் நோட்டைத் திறந்து எழுதினேன்:
ஓய்வு, நாற்பது நிமிடம்.